பதினோரு ஜோடி செருப்பு

செருப்பைக் கழட்டி அந்தப் பலகையில வச்சிட்டு இறங்குங்க சார். ஆமா, படகிலேயே விட்டுருங்க. நெடுந்திட்டுல யாரும் செருப்போட நடக்கிறதில்ல. அந்தா, தாழைப் புதருக்குப் பின்னால வெள்ளையாத் தெரியுது பாருங்க, அதுதான் அந்தோணியார் குருசடி, சின்னக் கோயில். தீவே அவருக்குச் சொந்தம்னு எங்க ஆளுங்களுக்கு நினைப்பு. அதனால முழுத் தீவுக்கும் வெறுங்கால்தான். முள்ளு கிடையாது, பயப்படாதீங்க. இராவணன் மீசைன்னு ஒரு புல்லு இருக்கு, அது மட்டும் குத்தும். அதைச் சுத்திப் போயிருவோம்.

மெல்ல வாங்க. இந்தப் பக்கம் சேறுதான். ஊரைப் பாத்த பக்கம் எப்பவும் இப்படித்தான் இருக்கும், தண்ணி அசையாது. வெளிப்பக்கம் போனா நல்ல மணல், நல்ல அலை. படம் எடுக்கிறவங்க எல்லாம் அங்கதான் ஓடுவாங்க. நமக்கு நேரம் இருக்கு. நீர் வத்திட்டு இருக்கு, படகு தரை தட்டிரும். மறுபடி நீர் ஏறுனாத்தான் கிளம்ப முடியும். ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகும்னு வச்சுக்கிடுங்க. அதுவரைக்கும் நடக்கலாம், பேசலாம். எனக்கும் ஒரு ஆள்கிட்டப் பேச வேண்டியிருக்கு.

ஜெட்டியில வச்சு நீங்க என்ன கேட்டீங்க? தீவைச் சுத்திக் காட்டுற அக்கா ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்க படகு எதுன்னு கேட்டீங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு. எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. அவங்க இன்னைக்கு வரமாட்டாங்க, நான் கூட்டிட்டுப் போறேன், ஏறுங்கன்னு சொன்னேன். அது பொய்யில்ல சார். அவ இன்னைக்குத் துணிமணி எடுத்து வச்சுக்கிட்டு இருக்கா. நாளைக்குக் காலைப் பூசை முடிஞ்சதும் எங்க மக ஜெனிட்டா வந்து அவளைக் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போறா. போனா இனிமே இந்தப் பக்கம் வரமாட்டா. அந்த அக்கா என் பெண்சாதி. அமலோற்பவம்னு பேரு, அமலின்னு கூப்பிடுவேன். என் பேரு கஸ்பார்.

ஒன்றரை வருசமா அவ என் வீட்டுல இல்ல. அவ தம்பி சூசை வீட்டுல இருக்கா, ரெண்டு தெரு தள்ளி. அவன் படகுலதான் வாரவங்களைக் கூட்டிட்டு வாரா. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். போன வாரம் மக போன்ல சொன்னா, "அப்பா, அம்மை ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. அன்னைக்கு அவளைத் தீவுல விட்டுட்டு வந்தது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? நெசத்தைச் சொல்லுங்க. சொன்னா கொச்சிக்கு வரலை, வீட்டுக்கே வாரேன்னு சொல்லுதா." அவ்வளவுதான். நிலம் கேக்கலை, நகை கேக்கலை. எப்பத் தெரிஞ்சுது, அது ஒண்ணுதான். நாளைப் பூசைக்கு முன்னால சொல்லியாகணும்.

நீங்க படிச்சவங்க. கேட்டுட்டு ஒரு வழி சொல்லுங்க.

இது என்ன செடியா? தெரியாது சார். ஊதாப் பூ பூக்கிறது அடப்பங்கொடி, அது தெரியும். இது வேற. அமலிக்குத் தெரியும். அவ கல்யாணத்துக்கு முன்னாலேயே இந்தத் தீவுங்களுக்குப் பாசி எடுக்க வந்தவ. பத்துப் பன்னிரண்டு பொண்ணுங்களை ஒரு வள்ளத்துல கொண்டாந்து இறக்கி விட்டுருவாங்க. பொழுதுக்கும் தண்ணியில முங்கிப் பாசி பறிச்சுட்டு, சாயங்காலம் திரும்புவாங்க. அப்படிச் சுத்தினவளுக்குத் தெரியாத இடம் இல்ல. இங்க இருக்கிற மூணு திட்டும் அவளுக்கு மூணு வீடு மாதிரி. காக்காத் திட்டு, கன்னித் திட்டு, இந்த நெடுந்திட்டு. நான் முப்பது வருசமா இந்தத் தீவுங்களைச் சுத்தித்தான் மீன் பிடிச்சேன். இறங்கி நடந்தது கிடையாது. மீன்காரனுக்கு மணல்ல என்ன வேலை, சொல்லுங்க.

மூணு வருசத்துக்கு முன்னால யாரோ ஒரு பையன் இந்த வெளிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டான். பிறகு ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. சனி ஞாயிறுன்னா ஜெட்டியில நிக்க இடம் இருக்காது. நான் வலையை ஏறக்கட்டிட்டுப் படகுல பலகை அடிச்சேன், மேல தார்ப்பாய் கட்டினேன், மிதவைச் சட்டை வாங்கிப் போட்டேன், ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு அனுமதி வாங்கினேன். எல்லாம் நான்தான். அமலி சும்மா ஒத்தாசைக்கு வந்தா. பொம்பளைங்க ஏற இறங்கக் கை கொடுக்கணும், பிள்ளைங்களுக்குத் தண்ணி கொடுக்கணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

வந்தவ சும்மா இருக்கலை. இறங்கினவங்களைக் கூட்டிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. இங்க பாருங்க ஆமை ஏறின தடம், இங்க பாருங்க சங்கு முட்டை, இந்தக் குழியில இருக்கிற நண்டுக்குக் கண்ணு மேல கொம்பு இருக்கும்னு சொல்லிக்கிட்டே போவா. ஆளுங்க வாயைப் பிளந்துக்கிட்டுப் பின்னாலயே போவாங்க. நான் படகுல உக்காந்திருப்பேன். எஞ்சினை விட்டுட்டு வர முடியாதுல்லா.

எனக்குப் பொறாமைன்னு நினைக்காதீங்க. பெண்சாதி மேல யாராவது பொறாமைப்படுவாங்களா? ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு, பாத்துக்கிடுங்க. படகு என்னது, எஞ்சின் என்னது, காத்துல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டுறவன் நான். திரும்பி ஜெட்டியில இறங்கும்போது எல்லாரும் அவ கையைப் பிடிச்சு, அக்கா, மறக்கவே மாட்டோம்னு சொல்லுவாங்க. அவளை நடுவுல நிறுத்திப் படம் எடுப்பாங்க. என்கிட்ட போனைக் கொடுத்து, அண்ணே ஒரு போட்டோ எடுங்கன்னு சொல்லுவாங்க. நானும் எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவை கோபியில இருந்து ஒரு டீச்சர் லெட்டர் போட்டிருந்தாங்க. 'அமலி அக்கா, நெடுந்திட்டு'ன்னு மட்டும் விலாசம். என் பேரு இல்ல, தெரு பேரு இல்ல. தபால்காரர் நேரா எங்க வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுக்கார். நான் அந்தத் தெருவுலேயே பிறந்து வளந்தவன் சார்.

சரி, அது கிடக்கட்டும். இப்படி வாங்க, இங்க மணல் ஏறும். மூச்சு வாங்குதா? எனக்கும்தான். அம்பத்தெட்டு ஆகுது. மேல போனா வெளிப்பக்கம் தெரியும்.

அன்னைக்கு நடந்ததைச் சொல்லுதேன். மே மாசக் கடைசி. பள்ளிக்கூட லீவு. மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காத்து அந்த வருசம் சீக்கிரமே கிளம்பிருச்சு. திருப்பூர்ப் பக்கமிருந்து பதினோரு பேரு வந்திருந்தாங்க, ஒரே குடும்பம். ஜெட்டிப் படியில அதுல ஒரு அம்மாவுக்குச் செருப்பு வார் அறுந்துபோச்சு. ஊருக்குள்ள போய் வாங்கிட்டு வர நேரம் இல்ல. எப்படியும் தீவுல வெறுங்கால்தான், திரும்பி வந்து வேன் வரைக்கும் நடக்கணுமே, அந்தப் படியெல்லாம் சிப்பி. அமலி என்ன செஞ்சா, தன் செருப்பைக் கழட்டி அந்த அம்மாவுக்குக் கொடுத்துட்டா. நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்கு வெறுங்கால் பழக்கம்தான்னு சொன்னாளாம். அறுந்ததைக் குப்பைத் தொட்டியில போட்டாச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் எஞ்சினுக்கு டீசல் ஊத்திக்கிட்டு இருந்தேன். பெண்சாதின்னா புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? செருப்பைக் கொடுத்துட்டேன்னு சொன்னா நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது.

ஏன்னா என் கணக்கு செருப்புக் கணக்கு. எங்க அப்பா காலத்துல இருந்து வருது. திருவிழாவுக்குக் குருசடிக்கு ஆள் ஏத்திட்டு வந்தா, அவர் தலையை எண்ண மாட்டார். தலையை எண்ணுனா ஒருத்தன் குனிவான், ஒருத்தி எந்திரிச்சு அடுத்த பக்கம் போவா, ரெண்டு தடவை எண்ணுனா ரெண்டு கணக்கு வரும். செருப்பு வச்ச இடத்துல இருக்கும். திரும்பி வந்து படகுல ஏறினதும் அவங்கவங்க செருப்பை எடுத்துக்கிடுவாங்க. பலகை காலியா இருந்தா எல்லாரும் வந்தாச்சு, ஒரு ஜோடி கிடந்தா ஒரு ஆள் வரலை. இத்தனை வருசத்துல ஒரு தடவை பிசகினதில்ல. அமலி செருப்பும் அந்தப் பலகையிலதான் கிடக்கும், ஒரு நீல வார் செருப்பு. அன்னைக்கும் அந்த நீல வார் அங்கதான் கிடந்துச்சு. போகும்போது பாத்தேன். பதினோரு ஜோடி கிடந்துச்சா, பன்னிரண்டு கிடந்துச்சா, போகும்போது யார் எண்ணுவா? வரும்போது காலியாகுதான்னுதான பாக்கணும்.

திரும்புற நேரம் அலை பெருசாயிருச்சு. சீக்கிரம் ஏறுங்கன்னு சத்தம் போட்டேன். எல்லாரும் ஏறினாங்க. பலகையைப் பாத்தேன், காலி. நங்கூரத்தை எடுத்தேன், கிளம்பினேன். இதுல என் தப்பு என்ன இருக்கு?

அவங்கள்ல ஒருத்தர் கேமரா வைக்கிற ஸ்டாண்டைக் கிழக்கு முனையில மறந்துட்டு வந்துட்டார். அமலி அதை எடுக்கப் போயிருக்கா. என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாளாம். நான் தலையை ஆட்டினேனாம். ஆட்டியிருப்பேன் சார், எஞ்சின் சத்தத்துல யார் என்ன சொன்னாலும் தலையைத்தான் ஆட்டுவேன். அந்த ஸ்டாண்டுக்காரர் ஏறின உடனே வாந்தி எடுக்க ஆரம்பிச்சுட்டார், அவருக்கு ஸ்டாண்டும் நினைப்பில்ல, ஒண்ணும் நினைப்பில்ல. மத்தவங்க எல்லாம் அலைக்குப் பயந்து கண்ணை மூடிக்கிட்டாங்க. செருப்பு வாங்கின அந்த அம்மா மட்டும் கேட்டாங்க, அக்கா வரலையான்னு. நான் பின்னால இருப்பான்னு சொன்னேன். அவ எப்பவும் பின்னாலதான் உக்காருவா. திரும்பிப் பாக்கலையான்னு நீங்க கேப்பீங்க. அலையைப் பாக்கவா, ஆளைப் பாக்கவா?

பாதி வழியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். ஆனா காத்து விடலை. பதினோரு உசிரைப் படகுல வச்சுக்கிட்டு எப்படித் திருப்ப?

வாங்க, ஏறியாச்சு. இதுதான் வெளிப்பக்கம். நல்லா இருக்குல்லா? ஒரு ஆள் தடம் கூடக் கிடையாது. இந்தக் கரை வருசா வருசம் மாறும்னு அமலி சொல்லுவா. மேற்கு முனையைக் கடல் தின்னுமாம், தின்னதைக் கொண்டாந்து கிழக்கு முனையில போடுமாம். தீவு அப்படியே நகந்துக்கிட்டே போகுதாம். எனக்குப் பாத்தா எல்லா வருசமும் ஒண்ணு போலத்தான் தெரியுது. இதுவா? ஏதோ சிப்பி. பேரு தெரியாது. உயிர் இருந்தா திருப்பி வச்சிருங்க, அவ எடுக்க விடமாட்டா.

இப்ப ஊர்ப்பக்கம் திரும்புங்க. இந்த மேட்டுல நின்னா தண்ணி முழுக்கத் தெரியும். அந்தா உசரமா நிக்குதே, கலங்கரை விளக்கு, எங்க வெளிச்ச வீடு, அதுக்குக் கீழ ஜெட்டி. படகு ஒண்ணு போகுது பாருங்க, யாரு படகுன்னு கூடச் சொல்லிரலாம். அன்னைக்கு அமலி ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து இந்த மேட்டுலதான் நின்னிருக்கா. கையை ஆட்டியிருக்கா, முந்தானையை அவுத்து ஆட்டியிருக்கா. பிறகு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கா. படகு எங்கயும் நிக்கலை, மெதுவாகலை, ஒரு சாண் கூடத் திரும்பலை, நேரா ஜெட்டிக்குப் போய் அணைஞ்சுதுன்னு அவ சொன்னா.

அதனாலதான் பாதி வழியில தெரிஞ்சுதுங்கிறதை அவ நம்பலை. உங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு சார், மன்னிச்சுக்கிடுங்க.

மறுநாள் விடிஞ்சதும் நானும் சூசையும் வந்து கூட்டிட்டுப் போனோம். அவன் அதுக்கு முன்னாலேயே கிளம்பணும்னு நின்னான். அந்தக் காத்துல போனா ரெண்டு பொணம்தான் கரைக்கு வரும்னு நாலு பேரு பிடிச்சு நிறுத்தினாங்க. அவன் விடிய விடிய ஜெட்டியில நின்னான். நான் வீட்டுல இருந்தேன். ரெண்டு பேரும் நின்னா காத்து அடங்கிருமா?

நாங்க வரும்போது அவ கரையிலதான் உக்காந்திருந்தா. ஸ்டாண்டை மடியில வச்சிருந்தா. தண்ணிக்கு நீ என்ன பண்ணினன்னு கேட்டேன், ஊத்து தோண்டிக் குடிச்சேன்னா. இந்த மணலுக்குள்ள நல்ல தண்ணி இருக்கு, தெரியுமா? சுத்திக் கடல், நடுவுல நல்ல தண்ணி. ஒரு முழம் தோண்டினா ஊறும். வாங்க, காட்டுதேன். இங்கதான் எங்கயோ. இந்தத் தாழைக்குக் கீழ. கொஞ்சம் பொறுங்க, கையாலேயே தோண்டிரலாம்.

பாத்தீங்களா, ஊறுது. குடிச்சுப் பாருங்க. உப்பா? முழுக்கவா? சரி, அப்ப அந்தப் பக்கம் போல. இல்ல, அங்கயும் கரிக்கும்னுதான் நினைக்கேன். அவ எனக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கா, எந்தச் செடி நிக்கிற இடத்துல தோண்டணும்னு. நான் கவனிக்கலை. என் பாட்டில்ல தண்ணி இருக்கு, இந்தாங்க, வாயைக் கொப்பளிச்சிருங்க.

அன்னைக்குப் படகுல அவ முன்னால போய் உக்காந்தா, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வந்து, தலையைத் துவட்டிக்கிட்டே கேட்டா, "எப்பத் தெரிஞ்சுது?" நான் பாதி வழின்னு சொன்னேன். அவ சரின்னுட்டு அடுப்பைப் பத்த வச்சா. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். சாயங்காலம் அந்த ஸ்டாண்டுக்காரர் போன் பண்ணினார், ஸ்டாண்டு கிடைச்சுதான்னு. பத்திரமா இருக்கு சார்னு அமலிதான் சொன்னா. கூரியர்ல அனுப்பியும் வச்சா.

ஒரு மாசம் கழிச்சு, மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தவ அரிவாள்மணையை விட்டுத் தலையைத் தூக்காம மறுபடி கேட்டா. மேட்டுல உக்காந்து பாத்ததை அப்பதான் சொன்னா. சரி, ஜெட்டியில ஆளை இறக்கும்போதுதான் தெரிஞ்சுதுன்னு சொன்னேன். அதுவும் பொய்ங்கிறதுக்குச் சூசை சாட்சி. அவன் அன்னைக்கு ஜெட்டியில கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கான். நான் ஆளை இறக்கிவிட்டுட்டு, எஞ்சினை மூடிட்டு, சோமன் கடையில டீ குடிச்சுட்டு, பீடி பத்த வச்சுக்கிட்டு வீட்டைப் பாத்து நடந்ததை அவன் பாத்திருக்கான். அக்கா முன்னாலேயே போயிருப்பான்னு நினைச்சுக்கிட்டானாம்.

மூணாந் தடவை ஆகஸ்ட் மாசம், மாதா திருவிழாக் கொடியேத்தத்துக்கு முந்தின நாள் கேட்டா. வீட்டுக்கு வந்ததும் தெரிஞ்சுதுன்னு சொன்னேன். வந்ததும்னா எப்பன்னு கேட்டா. வந்ததும்தான்னு கத்தினேன். ஒரே கேள்வியை நீ எத்தனை தடவை கேப்பன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சேன். அவ சோத்தை அள்ளிப் போட்டுட்டு, இடத்தைத் துடைச்சுட்டு, ரெண்டு சேலையை எடுத்துக்கிட்டுச் சூசை வீட்டுக்குப் போயிட்டா. கொடியேத்தத்துக்கு ஊரே கூடியிருக்கு, நான் மட்டும் தனியா நிக்கேன். எல்லாரும் அமலி எங்கன்னு என்கிட்டதான் கேக்காங்க.

ஊருல எல்லாரும் என்னைத்தான் குத்தம் சொல்லுதாங்க. எங்க கோயில் பங்குச் சாமி கூட, கஸ்பார், போய் மன்னிப்புக் கேட்டுரும்னார். கேட்டேன் சார். சூசை வீட்டு வாசல்ல நின்னு, எல்லாரும் பாக்க, தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னேன். மன்னிப்பை நான் கேக்கலையே, எப்பத் தெரிஞ்சுதுன்னுதான கேட்டேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. இதுல என்ன இருக்கு? ஆளு பத்திரமா வந்துட்டா. ஒரு கீறல் இல்ல. நாலு மணிக்குத் தெரிஞ்சா என்ன, ஆறு மணிக்குத் தெரிஞ்சா என்ன?

நீர் திரும்பிருச்சு, பாத்தீங்களா. படகுக்குக் கீழ தண்ணி வருது. இன்னும் ஒரு அரை மணி நேரத்துல மிதந்துரும். உக்காருங்க இப்படி, நிழல் இருக்கு.

தனியா இருக்கிறது கஷ்டமா இருக்கு சார். அதைச் சொல்லிருதேன். சோறு பொங்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும், அதுக்கில்ல. கடல்ல இருந்து வந்தா ஒரு ஆள்கிட்ட அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும்ல. முப்பத்திரெண்டு வருசமா சொல்லிட்டேன். இப்பச் சொல்ல ஆள் இல்ல. அதனாலதான் உங்களை மாதிரி யாராவது சிக்கினா விடமாட்டேங்கிறேன். நீங்களும் பாவம், ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டே வாரீங்க. அவளும் இப்படித்தான்.

அவ நாளைக்குப் போகக் கூடாது. அது மட்டும் தெரியும். ஒண்ணு செய்யலாம்னு நினைச்சேன். சூசை வந்து கேட்டப்பதான் தெரிஞ்சுதுன்னு சொல்லிரலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வந்து, அக்கா எங்கன்னு கேட்டான். அது நெசம். அதைச் சொன்னா வந்துருவாளா? அவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு அடுத்த கேள்வி வரும். வராம இருக்குமா?

என்ன பண்ணினேன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். சூசைக்குத் தெரியும். அவன் இதுவரைக்கும் அக்காகிட்ட வாயைத் திறக்கலை. ஒரே ஒரு தடவை, நீங்களே சொல்லிருங்க மச்சான், என் வாயால வேண்டாம்னு சொன்னான்.

நான் வீட்டுக்கு வரும்போது கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. எங்க வீட்டுல பூட்டுற வழக்கம் கிடையாது. முன்னால ஒரு அறை, பின்னால அடுப்படி, நடுவுல ஒரு துணி தொங்கும். அடுத்த வீட்டு அடுப்படிக்கும் எங்க அடுப்படிக்கும் ஒரே சுவர். அங்க யாரோ தேங்காய் துருவிக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்கு எங்க வீட்டுலன்னு தோணிச்சு. கட்டில்ல சாஞ்சேன். மனசு முழுக்கக் கோபம். அன்னைக்கும் அந்தத் திருப்பூர்க்காரங்க இறங்கும்போது என்கிட்ட ஒரு நன்றி சொல்லலை, பாத்துக்கிடுங்க. அதைச் சொல்ல ஆரம்பிச்சேன்.

படுத்துக்கிட்டே சொன்னேன். படகு யாருது, ஓட்டுறவன் யாருன்னு கேட்டேன். நீ மணல்ல நாலு சிப்பியைக் காட்டுற, அதுக்கு உனக்கு லெட்டர் வருதுன்னு சொன்னேன். இனிமே நீ வர வேண்டாம், வீட்டுல கிடன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மனசு கேக்கலை, சரி, வா, ஆனா அளவோட பேசுன்னு சொன்னேன். முட்டு வலிக்குதுன்னு சொன்னேன். எஞ்சினுக்கு பெல்ட் மாத்தணும்னு சொன்னேன். தண்ணி கொண்டான்னு கேட்டேன், வரலை. கோவத்துல இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல பேசியிருப்பேன் சார். அவ பதில் சொல்லலை. அவ என்னைக்குப் பதில் சொல்லியிருக்கா? நான் பேசுவேன், அவ வேலையைப் பாப்பா, எப்பவும் அப்படித்தான் எங்களுக்கு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

சூசை வந்து வாசல்ல நின்னு, அக்கா எங்கன்னு கேட்டான். எனக்கு எரிச்சலா வந்துச்சு. கட்டில்ல இருந்து எந்திரிக்கக் கூட இல்ல நான். "உள்ளதான்டா இருக்கா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம்"னு சொன்னேன்.